சங்கிலி கழன்ற பிறகு

நம்மூர்ப் பெரியவர்களிடம் "ஏர்வாடியில விட்டிருக்காங்க" என்று சொன்னால் போதும், மேலே விளக்கம் கேட்க மாட்டார்கள். நெல்லைப் பக்கத்து ஏர்வாடி அல்ல, கீழக்கரைக்கு அடுத்த தர்கா ஏர்வாடி. மதராஸ்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, நம் கடற்கரைக்கு ஏர்வாடி அப்படி. சாதி, மதம் பாராமல் எல்லோரும் அங்கே போனார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்களை, தர்காவைச் சுற்றி முளைத்த தனியார் காப்பகங்களில் காசு கட்டி விட்டு வந்தார்கள்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. மொய்தீன் பாதுஷா காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. காலில் சங்கிலி கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது.

சரி, சங்கிலி போனது. பிறகு?

இந்தக் கேள்வியை அதற்கு முன்பே கேட்டவர் டாக்டர் சாரதா மேனன். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நடத்தியவர். மனச்சிதைவு நோய்க்கு 1952இல் பாரிசில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து பயனுக்கு வந்து, உலகெங்கும் பரவியிருந்த காலம் அது. காதில் கேட்கும் குரல், வீண் சந்தேகம் எல்லாம் மருந்தில் தணிந்தன. ஆனால் வீட்டுக்குப் போனவருக்கு வேலை இல்லை, பேச்சுத்துணை இல்லை. அதற்காகவே 1984இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கி, மருந்தோடு கைத்தொழில் பயிற்சியும் குடும்பத்தாருக்கு ஆலோசனையும் கொடுத்தார். அங்கே டாக்டர் ஆர். தாரா குழுவினர், 1980களின் தொடக்கத்தில் முதன்முறையாக நோய் கண்ட 90 பேரை எடுத்துக்கொண்டு, 20 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் ஒரு சிலர்தாம்.

இதில் நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. நோயின் கடுமை வேறு, வாழ்க்கையின் தரம் வேறு. கூச்சல் போடுபவரைத்தான் 'முற்றிவிட்டது' என்போம். மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரை 'தேவலை' என்போம். ஆனால் எதிலும் நாட்டமில்லாத அந்த ஒடுக்கமும் நோயின் குணமே. மருந்துக்கு அது எளிதில் மசியாது. வாழ்க்கையைக் கூடுதலாகக் கெடுப்பதும் பல நேரம் அதுதான்.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். ஏர்வாடியில் சில வருடம் இருந்து திரும்பியவர். அவருடைய காக்கா தம் பலசரக்குக் கடையில் அவரை உட்கார வைத்தார். கண்ணுக்குத் தெரியாத யாருடனோ முணுமுணுத்துக்கொண்டே சாமான் கட்டுவார். கணக்கு தப்பாது. மாலையில் கூலியை உம்மா கையில் கொடுப்பார். அந்த முணுமுணுப்பு கடைசிவரை நிற்கவில்லை. ஆனாலும் தெருவில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லி விசாரித்தார்கள், கல்யாண வீடுகளுக்கு அழைத்தார்கள்.

இன்று ஏர்வாடி தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர்கள் உட்காருகிறார்கள். துஆவும் நடக்கிறது, மருந்தும் கிடைக்கிறது. மாத்திரையை டாக்டர் எழுதித் தருவார். கடையில் ஓர் இடமும், கல்யாணத்துக்கு ஓர் அழைப்பும் நாம்தான் தர வேண்டும். உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருக்கக் கூடும்.