பாருக்குப் போன வாத்தியார்



மகள் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு நேற்றிலிருந்து நாலைந்து பேர் போன் செய்துவிட்டீர்கள். "சார், நீங்களா பாரில்?" நான்தான். கையில் இருந்தது ஆரஞ்சு ஜூஸ். அந்த இடத்தின் வரலாற்றைச் சொன்னால்தான் ஏன் போனேன், ஏன் இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை என்பது புரியும்.

லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பரோ ஹை ஸ்ட்ரீட் என்று ஒரு கடைவீதி. ஒரே பஸ்ஸும் ஜனமும். "வாங்க மாமா" என்று மாப்பிள்ளை ஒரு சந்துக்குள் திரும்பினார். தெரியாதவர்கள் அதைக் கடந்தே போய்விடுவார்கள். உள்ளே போனால் பெரிய முற்றம், பெஞ்சுகள், சத்தமே இல்லை. ஒரு பக்கம் முழுக்கப் பழைய கட்டடம். மாடிகளில் மரக் கைப்பிடி வைத்த நீளமான தாழ்வாரங்கள். பெயர் ஜார்ஜ் இன். இன் என்றால் நம் சத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காசு வாங்கும் சத்திரம், பீரும் ஊற்றும் சத்திரம்.

ஏன் இங்கே? 1750 வரை லண்டன் நகரத்துக்குள் தேம்ஸ் ஆற்றைக் கடக்க ஒரே ஒரு பாலம்தான். இரவில் அதன் கதவை மூடிவிடுவார்கள். தெற்கேயிருந்து வரும் வண்டிக்காரர்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கமே தங்கியாக வேண்டும். அதனால் தெரு நெடுக விடுதிகள். வண்டி நுழையும் அளவுக்கு ஒரு வாசல், உள்ளே முற்றம், சுற்றி அறைகள். வாசலை அடைத்துவிட்டால் சரக்குக்குப் பயமில்லை.

1676-இல் பெரிய தீ. மறு வருடம் திரும்பக் கட்டியதுதான் நான் பார்த்த ஜார்ஜ். 1836-இல் ரயில் நிலையம் வந்தது, குதிரை வண்டித் தொழில் படுத்தது. 1889-இல் ரயில்வே கம்பெனியே முற்றத்தின் மற்ற பக்கங்களை இடித்துவிட்டது. மிச்சம் ஒரு பக்கம். லண்டனில் இந்த மாதிரி தாழ்வாரம் வைத்த பழைய வண்டி விடுதி இது ஒன்றுதான் தப்பியது. 1937-இல் நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது. அதே 1937 அக்டோபரில்தான் ராஜாஜி நம் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அங்கே ஒரு மதுக்கூடத்தைக் காப்பாற்றினார்கள், இங்கே எல்லாக் கடையையும் மூடினோம். இரண்டுமே சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லண்டனில் இருக்கும் பிள்ளைகள் இம்மாதிரி முற்றங்களைத் தேட ஒரு வழி உண்டு. சந்துகளின் பெயர்ப்பலகையில் 'யார்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். அதே தெருவில் கிங்ஸ் ஹெட் யார்ட், ஒயிட் ஹார்ட் யார்ட், டால்பட் யார்ட் எல்லாம் இருக்கின்றன. டால்பட் யார்டில்தான் சாசரின் யாத்திரிகர்கள் கூடிய டபார்ட் விடுதி இருந்தது, 1870-களில் இடித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தெற்கே குவீன்ஸ் ஹெட் யார்ட். விடுதி போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

அந்த குவீன்ஸ் ஹெட் விடுதி ஜான் ஹார்வர்டின் அம்மாவுடையது. அப்பா கறிக்கடைக்காரர். 1625 பிளேக்கில் அப்பாவும் உடன்பிறந்தவர்களில் பெரும்பாலோரும் போய்விட்டார்கள். மிஞ்சிய மகனை அந்த அம்மா கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். சாகும்போது விடுதியையும் அவருக்கே எழுதிவைத்தார். ஜான் 1637-இல் அமெரிக்கா போய், மறு வருடமே காசநோயில் இறந்தார். சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் அங்கே புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு கல்லூரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் ஹார்வர்டு.

மாப்பிள்ளை இதைச் சொல்லிக்கொண்டிருக்க, எனக்கு 1985 ஞாபகம் வந்துவிட்டது. 1981-இல் கள்ளுக்கடைகள் திரும்பத் திறந்து, 87-இல் மூடுவதற்கு முன்னால். என் ஐந்தாம் வகுப்பில் கள்ளுக்கடைக்காரர் மகன் ஒருவன். கணக்கில் கெட்டி. ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தான். "ஊற்றிக் கொடுக்கப் போகிறவனுக்குப் படிப்பு எதுக்குடா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. என் அப்பாவைக் குடி கொண்டுபோன கோபம் எனக்கு உண்டு. அதை அந்தப் பையன் மேல் காட்டினேன். அவன் அழவில்லை, சிலேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆறாம் வகுப்புக்கு அவன் போகவில்லை. பிறகு லாரிப் பட்டறையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

அந்த வருட வகுப்புப் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். யார் என்று உங்களுக்குத் தெரியும். பெயரை கமெண்டில் போட வேண்டாம். அவன் நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பத்தாம் தேதி ஊருக்கு வருகிறேன்.