நல்லடையும் பீப்பாயும்

தொரப்பள்ளி என்றால் ராஜாஜி. 1878-இல் அவர் பிறந்த ஊர். சென்னை மாகாணப் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று, அவர் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது சொந்த ஜில்லாவான சேலத்தில்தான். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்றைக்கு அந்த ஜில்லாவுக்குள் இருந்தவை. ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருக்கிற பெங்களூரின் கதை வேறு. தாமஸ் லீஷ்மன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய பீர் ஆலைகள் சிலவற்றை ஒன்றாக்கி, 1915-லேயே யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கிவிட்டார். வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பீப்பாய் பீப்பாயாக மாட்டுவண்டியில் பீர் போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் பீப்பாய், இந்தப் பக்கம் லாட்டி. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் குடியின் வரலாற்றை எழுத முடியாது.

பீர் அப்படி என்ன பெரிய வித்தை? தானியத்தை முளைகட்டினால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அதைக் கரைத்துப் புளிக்கவிட்டால் போதை ஏறும். பார்லியில் செய்தால் வெள்ளைக்காரனுக்கு 'ஏல்'. இங்கிலாந்தில் அதை ஆதியில் வீட்டுப் பொம்பளைகள்தான் ஆக்கினார்கள். 15-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைச் சேர்க்கும் வழக்கம் அங்கே பரவியது. சரக்கு சீக்கிரம் கெடவில்லை, தூரத்துக்கு அனுப்ப முடிந்தது. முதல் போட்ட ஆண்கள் கைக்குத் தொழில் போய்விட்டது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் ஹாட்ஜ்சன் ஆலையின் ஏல் கப்பலேறி இந்தியாவுக்கே வந்தது.

நம்மிடம் இந்த வித்தை இல்லையா? எம்.ஏ.வில் பெரும்பாணாற்றுப்படை எனக்குப் பாடம். அரிசிக் கூழைத் துழாவி ஆறவைத்து, நல்லடை கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிற பக்குவம் அதில் அப்படியே இருக்கிறது. நல்லடை என்றால் முளைகட்டிய நெல். அதே நூலில், வீட்டில் சமைத்த நெல்லுக் கள்ளுக்குத் தோப்பி என்று பெயர். வகுப்பில் இதைப் 'பண்டைத் தமிழர் விருந்தோம்பல்' என்று மெச்சினார்கள். அதே பக்குவம் சேரிப் பானையில் சுண்டக்கஞ்சியாக இருந்தால் அது கள்ளச்சாராய கேஸ்.

1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுக்க வந்தது. சட்டத்திலேயே பர்மிட்டுக்கு வழி இருந்தது. பர்மிட் யாருக்குக் கிடைக்கும் என்று சேரிக்குத் தெரியும். எங்க ஆயா சொல்லும்: "போலீசு வந்தா மொதல்ல பானையத்தான்டா ஒடைப்பான். சோறாக்குற பானையா, கஞ்சி ஊறுற பானையான்னு பாக்கமாட்டான்."

குடி சேரியைத் தின்றது பொய்யில்லை. மதுவிலக்கை நம் பெண்கள் பலர் வரவேற்றதும் பொய்யில்லை. குடிக்க உரிமை கேட்டு இதை எழுதவில்லை. குற்றவாளி என்ற பட்டம் யார் தலையில் கட்டப்பட்டது என்பதே கேள்வி. கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. சேரியும் அந்த வரியைக் கட்டியது.

1971-ஐப் பாருங்கள். அந்த வருஷம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்ந்தது. அதே வருஷம் இங்கிலாந்துக்காரர்கள் நாலு பேர் 'கேம்ரா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிகளின் வாயு ஏற்றிய பீருக்கு எதிராக, பீப்பாயிலேயே புளித்து முதிர்கிற பழைய ஏலைக் காப்பாற்றும் இயக்கம். ஊர் ஊராக அதைத் தேடிப்போய்க் குடித்து, கிடைக்கும் இடங்களைப் புத்தகமாகவே போட்டார்கள். அவர்களுக்கு அது பாரம்பரியம். இங்கே 1987-இல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் அரசாங்கமே டாஸ்மாக் கடையில் பாட்டில் பீர் விற்கிறது. கம்பெனி சரக்குக்குக் கடை, பானைச் சரக்குக்கு ஜெயில்.

இந்தப் பக்கத்தில் கேழ்வரகை முளைகட்டிக் கஞ்சி காய்ச்சத் தெரியாத கிழவி கிடையாது. ஆனால் அதைப் புளிக்கவிட்டதுண்டா என்று கேட்டால் இன்னமும் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். தோழர்களே, அவரவர் சேரியில் போய்க் கேளுங்கள். எந்தத் தானியம், எத்தனை நாள், என்ன பெயர் என்று எழுதி வையுங்கள். எத்தனை பானை உடைந்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.