வெல்டருக்குச் சான்றளிப்பவர் யார்? பொறுப்பின் அடிப்படையில் ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கொதிகலன் குழாயில் வெல்டர் போட்ட இணைப்பின் உள்ளே கசடு சிக்கியிருந்தாலும், ரூட் எனப்படும் அடி அடுக்கு சரியாக இறங்காமல் விட்டிருந்தாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. நீராவியின் அழுத்தமோ ஆண்டுக்கணக்கில் அந்த இடத்தையே தாக்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஒருவர் வேலையில் கைவைக்கும் முன்பே அவருடைய கைத்திறனைச் சோதித்து உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனையை யார் நடத்தலாம், யார் கையொப்பமிடலாம், அந்தக் கையொப்பம் எதுவரை செல்லும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இணைப்புக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவருக்கே சான்றளிக்கும் உரிமையும் உண்டு; அவருடைய பொறுப்பு முடியும் இடத்தில் சான்றின் வலிமையும் முடிகிறது என்பதே இதன் கருதுகோள்.

2. சட்டப் பின்னணி

இத்துறையின் விதிகள் விபத்துகளிலிருந்து பிறந்தவை. 1863-இல் கல்கத்தாவில் கொதிகலன் வெடித்து உயிர்கள் பலியானதன் பின், 1864-இல் வங்காளத்தில் கொதிகலன் ஆய்வுக்கான சட்டம் வந்தது. மாகாணந்தோறும் வேறுபட்டிருந்த சட்டங்களை 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன்கள் சட்டம் ஒன்றாக்கியது. அதன்கீழ் 1950-இல் வகுக்கப்பட்ட விதிகளையே தொழிலாளர்கள் ‘ஐபிஆர்’ என்கிறார்கள். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய கொதிகலன்கள் சட்டம் இயற்றப்பட்டது.

அமெரிக்காவில் 1905 மார்ச் 20 அன்று பிராக்டன் நகரின் காலணி ஆலையில் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தனர். இரண்டே ஆண்டுகளில் மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டம் இயற்றியது. தொடர்ந்து அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம், அதாவது ஏஎஸ்எம்இ, தன் கொதிகலன் விதித்தொகுப்பை 1914-ஆம் ஆண்டுப் பதிப்பாக வெளியிட்டது. அத்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவு இன்று உலகின் பல நாடுகளில் வெல்டர் தேர்வுக்கு அளவுகோலாக இருக்கிறது.

3. தேர்வின் கூறுகள்

3.1 நடைமுறையும் கையும்

எந்த உலோகம், எந்த ராடு, எவ்வளவு கரண்ட், முன்கூட்டியே எவ்வளவு சூடேற்றுவது என்பவை நடைமுறை ஏட்டில் எழுதப்படுகின்றன. அந்த நடைமுறை உறுதியான இணைப்பைத் தருமா என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. அதைப் பின்பற்றி இந்த வெல்டரால் குறையில்லாமல் பற்றவைக்க முடியுமா என்பதை வெல்டர் தேர்வு பார்க்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகா.

3.2 சான்றின் எல்லைகள்

ஒன்பதாம் பிரிவின்படி ஆர்கான் முறையில் தேறியவர் அந்தத் தேர்வைக் காட்டி ராடு வெல்டிங் செய்ய முடியாது. ரூட்டை ஆர்கானிலும் மீதியை ராடிலும் போட்டுத் தேறினால், ஒவ்வொரு முறையிலும் எவ்வளவு கனம் போட்டாரோ அதை வைத்தே அந்த முறைக்கான வரம்பு கணக்கிடப்படும். பொதுவாகப் போட்ட கனத்தின் இரு மடங்குவரை அனுமதி உண்டு. 13 மி.மீ. அல்லது அதற்கு மேல், குறைந்தது மூன்று அடுக்குகளாகப் போட்டிருந்தால் மேல்வரம்பு நீங்கிவிடும்.

நிலையும் ஓர் எல்லை. 6ஜி தேர்வில் குழாய் 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்தப்படுகிறது. குழாய் திரும்பாது, வெல்டர்தான் அதைச் சுற்றி உடலையும் கையையும் மாற்றிக்கொண்டு ஒரே இணைப்பில் எல்லாக் கோணங்களையும் கடக்க வேண்டும். அதில் தேறினால் எல்லா நிலைகளுக்கும் தகுதி கிடைக்கிறது. அதனால்தான் ‘6ஜி வெல்டர்’ என்ற பெயருக்குத் தொழிலில் இவ்வளவு மதிப்பு. ஆனால் விட்டம், கனம், முறை ஆகிய வரம்புகள் 6ஜி வெல்டருக்கும் உண்டு.

3.3 சோதனை

முதலில் கண்ணால் பார்வையிடுகிறார்கள். அடுத்து, துண்டு வெட்டி வளைத்துப் பார்க்கலாம் அல்லது எக்ஸ்ரே எடுக்கலாம். வளைத்த பரப்பில் 3 மி.மீ.-க்கு மேற்பட்ட பிளவு தெரிந்தால் தோல்வி. கம்பி முனை உலோகத்தைத் தொட்டுத் தொட்டு உருகும் குறைந்த வெப்ப மிக் முறைக்கு எக்ஸ்ரே ஏற்கப்படுவதில்லை. அதில் நேரும் இணையாக் குறை மெல்லிய ஏடுபோல் படுத்திருந்து படத்தில் தப்பிவிடக்கூடும் என்பதால் வளைவுச் சோதனை கட்டாயம்.

4. சான்றளிப்போர்

4.1 வேலை வாங்கும் நிறுவனம்

ஏஎஸ்எம்இ விதிப்படி வெல்டரைத் தகுதிப்படுத்துவது அவரைப் பணியில் அமர்த்தும் உற்பத்தியாளரின் கடமை. சோதனைத் துண்டு பற்றவைக்கப்படும்போது முழு மேற்பார்வையும் அந்நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். துண்டை வளைப்பதையும் எக்ஸ்ரே எடுப்பதையும் வெளி ஆய்வகத்துக்கு விடலாம். மேற்பார்வைப் பொறுப்பை விட முடியாது.

4.2 அரசு

இந்தியாவில் கொதிகலனிலும் நீராவிக் குழாயிலும் பற்றவைக்க ஐபிஆர் தேர்வு தேவை. அதற்கான அதிகாரம் மாநிலக் கொதிகலன் துறையிடம் இருக்கிறது. பொதுமக்களின் உயிருக்குப் பொறுப்பேற்கும் அரசு இங்கே நேரடியாகச் சான்றளிக்கிறது.

4.3 மூன்றாம் தரப்பு

வெல்டர் தேர்வுக்கான பன்னாட்டுத் தரமாகிய ஐஎஸ்ஓ 9606-1-இன்படி, தேர்வைத் தேர்வாளரோ தேர்வு அமைப்போ நடத்தலாம். ஐரோப்பிய அழுத்தக் கலன் நெறிமுறை, அபாயம் மிகுந்த இரண்டாம், மூன்றாம், நான்காம் வகைக் கலன்களுக்குத் தகுதிபெற்ற மூன்றாம் தரப்பின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. அபாயம் கூடும் இடத்தில் உற்பத்தியாளரின் சொல் மட்டும் போதாது என்பது அதன் அடிப்படை.

4.4 தொழிற்கழகம்

அமெரிக்கப் பற்றவைப்புக் கழகம் அங்கீகரித்த தேர்வு மையங்களில் தேறுபவருக்கு, நிறுவனம் மாறினாலும் கூடவே வரும் சான்று கிடைக்கிறது. ஆயினும் அதை ஏற்பதா, மீண்டும் சோதிப்பதா என்பதைப் புதிய நிறுவனமே முடிவு செய்கிறது.

5. சான்றின் ஆயுள்

கைத்திறன் பழக்கத்தால் நிற்பது. ஒரு முறையில் ஆறு மாதத்துக்கு மேல் பற்றவைக்காமல் இருந்தால் ஏஎஸ்எம்இ தகுதி காலாவதியாகும். ஐஎஸ்ஓ விதியிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணித்தொடர்ச்சியை உறுதிசெய்து கையொப்பமிட வேண்டும். அதோடு, மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுதேர்வு, அல்லது இரண்டாண்டுக்கு ஒருமுறை வேலையில் போட்ட இணைப்புகளின் சோதனை முடிவு போன்ற வழிகளும் உண்டு. ஆகவே, சுவரில் மாட்டிய சான்றிதழைவிடப் பணிப்பதிவேடே தகுதிக்கு வலுவான ஆதாரம்.

6. தமிழ்நாட்டு நிலை

1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய திருச்சி பெல் கொதிகலன் ஆலையும், 1975-இல் அங்கே நிறுவப்பட்ட பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் இத்தொழிலைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தன. எட்டாம் வகுப்பு முடித்தவர்கூட ஐடிஐ-யில் ஓராண்டு வெல்டர் பிரிவு படித்துத் தேசியத் தொழிற்சான்று பெறலாம். அது படிப்புக்கான சான்று. குறிப்பிட்ட இணைப்பைப் போடுவதற்கான அனுமதி அன்று. இந்த வேறுபாட்டை எடுத்துச்சொல்ல ஆளில்லாமல், கடன் வாங்கித் தேர்வுக் கட்டணம் கட்டும் இளைஞர்கள் ‘எந்த நாட்டிலும் செல்லும்’ என்ற வாக்குறுதியை நம்பிவிடுகிறார்கள். வேலை கிடைத்த இடத்தில் மீண்டும் துண்டு போடச் சொல்லும்போது, வாங்கிய சான்று போலியோ என்று குழம்புகிறார்கள். சான்று உண்மையானதாகவே இருக்கலாம்; புதிய நிறுவனம் தன் பொறுப்பில் தேர்வு நடத்துவதும் முறையானதே. எந்த விதியும் தராத உறுதியை விற்றதுதான் தவறு.

7. முடிவுகள்

அ. நிறுவனம், அரசு, மூன்றாம் தரப்பு, தொழிற்கழகம் ஆகிய நால்வரும் சான்றளிக்கலாம். யாருடைய சான்று செல்லும் என்பதை அந்தப் பணிக்குரிய சட்டமும் விதித்தொகுப்புமே தீர்மானிக்கின்றன.

ஆ. கட்டணம் கட்டும் முன் வெல்டர் கேட்க வேண்டியவை நான்கு: எந்த விதிப்படி, எந்த முறை, எந்த வரம்பு, யாருடைய கையொப்பம்.

இ. தேர்வு முடிவின் நகலும் ஆறு மாதத் தொடர்ச்சிப் பதிவின் நகலும் வெல்டரிடம் தரப்பட வேண்டும். இன்று பல பணியிடங்களில் அவை தரக்கட்டுப்பாட்டு அறையின் கோப்போடு நின்றுவிடுகின்றன; வேலை மாறும் தொழிலாளி வெறுங்கையோடு போகிறார். தகுதியைச் சோதிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. அந்தத் தகுதியைத் தம் உழைப்பால் ஈட்டியவர் வெல்டர். தம் பதிவைக் கையில் வைத்திருக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.