மழை, நிலக்கரி, காற்று: தமிழ்நாட்டின் மின் தேர்வுகள்

தமிழ்நாட்டின் மின் வரலாறு பெரும்பாலும் நிறுவுதிறனைக் கொண்டே எழுதப்படுகிறது: எந்த ஆண்டில் எத்தனை மெகாவாட் சேர்ந்தது என்ற கணக்கு. ஆனால் இந்த மாநிலத்தின் பெரிய நெருக்கடிகளைக் கூர்ந்து பார்த்தால், மொத்த மெகாவாட்டைவிட, மின்சாரம் எந்த மாதத்தில், எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பதே அவற்றைத் தீர்மானித்திருக்கிறது. தூய்மையான மின்சாரத்துக்கான இன்றைய தேர்வுகளையும் அந்த அளவுகோலில் எடைபோட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் மலையில். 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மேட்டூர் 1937இலும் பாபநாசம் 1944இலும் சேர்ந்தன. பைக்காரா மின்சாரத்தால் கோவையில் நூற்பாலைகள் பெருகின. மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஓடியது. பம்புசெட் இணைப்புகளில் சென்னை மாநிலம் நாட்டுக்கே முன்னோடியாக இருந்தது. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் அணை வற்றியது. கூடவே மின்வெட்டும் வந்தது.

நிலக்கரியின் பெரிய கவர்ச்சி அங்கேதான் இருந்தது: மழையை எதிர்பார்க்காமல் இரவும் பகலும் ஓடும். சோவியத் உதவியோடு கட்டிய நெய்வேலி அனல் மின் நிலையம் 1962இல் உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணூர், தூத்துக்குடி, மேட்டூர் அனல் நிலையங்கள் பின்னர் வந்தன. அதற்கான விலையை எல்லோரும் சமமாகக் கொடுக்கவில்லை. கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் படிந்த சாம்பல் எண்ணூர் மீனவர்களின் பிழைப்பைப் பறித்தது. எந்த மின்கட்டணப் பட்டியலிலும் அந்த இழப்பு ஏறவில்லை. நிலக்கரியை மலிவு என்று சொல்பவர்கள் அந்த முகத்துவாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அணுமின்சாரமும் நேரம் பார்க்காதது. கல்பாக்கத்தின் முதல் உலை 1983இல் இயங்கத் தொடங்கியது. கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988இல் கையெழுத்தானது. முதல் உலை இயங்கத் தொடங்கியது 2013இல். அருகேயுள்ள இடிந்தகரை மக்கள் எழுப்பிய பாதுகாப்புக் கேள்விகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் (அவை ஒதுக்கத்தக்கவை அல்ல), இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளே ஒரு வாதம். இருக்கும் உலைகள் ஓடட்டும். அடுத்த பத்தாண்டின் தேவைக்குப் புதிய உலைகளை நம்பியிருக்க முடியாது.

காற்று வந்த வழி வேறு. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனைக் காற்றாலைகள் நின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளான பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று விசையோடு பாய்கிறது. மின்வெட்டில் தவித்த நூற்பாலைகள் தங்கள் தேவைக்கே காற்றாலை வாங்கின; 1990களில் தேய்மானத்துக்குக் கிடைத்த வருமான வரிச் சலுகை அதற்குத் தூண்டுகோலானது. காற்றுக் காலத்தில் மிஞ்சிய யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் வைத்துவிட்டுப் பின்னால் எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ முறையும் உருவானது. ஆலைகளுக்கு அது நியாயமான ஏற்பாடு. வாரியத்துக்கோ, மின்சாரம் மிஞ்சும் ஆடியில் வாங்கி, தட்டுப்பாடான மாசியில் திருப்பித் தர வேண்டிய சுமை.

2008க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகள் இந்தப் பருவ முரணை அம்பலப்படுத்தின. நாட்டிலேயே மிகுதியான காற்றாலைகள் இங்கே இருந்தன. அப்படியிருந்தும் காற்று ஓய்ந்த மாதங்களில் ஊர்கள் மணிக்கணக்கில் இருண்டன. காற்று வீசிய மாதங்களிலோ, கொண்டுசெல்லப் போதிய மின்பாதை இல்லாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொன்னார்கள். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியே தென்னக மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்தது. அந்த ஒரு கம்பிப்பாதை செய்த வேலையைப் பல புதிய நிலையங்கள் செய்திருக்காது என்பேன்.

2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததிலிருந்து சூரிய மின்சாரம் வேகமாக வளர்ந்தது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடைப் பகலைச் சூரிய மின்சாரம் பெருமளவு தாங்குகிறது. பொழுது சாய்ந்து, வீடுகளில் விளக்கும் ஏசியும் ஒருசேர ஓடும் நேரத்தில்தான் இடிக்கிறது.

அந்த மாலை நேரத்துக்கான விடை ஆனைமலையில் ஏற்கனவே இருக்கிறது. 1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய காடம்பாறை நீரேற்று மின் நிலையம், நூறு மெகாவாட் இயந்திரங்கள் நான்கைக் கொண்டது. மிஞ்சும் மின்சாரத்தால் கீழே மேல் ஆழியாறு அணையின் நீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவை ஏறும்போது அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றச் செலவாகும் மின்சாரம் முழுதும் திரும்ப வராது. ஆனால் உச்ச நேரத்து யூனிட்டின் மதிப்பு அந்த இழப்பை ஈடுகட்டும். ஏற்கனவே அணைகள் உள்ள குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே வகைத் திட்டம் பல ஆண்டுகளாக இழுபடுகிறது. மலைக்காடுகள் ஒருமுறை விலை கொடுத்துவிட்டன. இருக்கும் அணைகளை இணைப்பதை முடிக்காமல் புதிய பள்ளத்தாக்குகளைத் தேடுவது நியாயமில்லை.

மன்னார் வளைகுடாவில் கடற்காற்றாலைகள் அமைக்கவும் திட்டமிருக்கிறது. காற்று அங்கே வலுவானது, செலவும் பெரியது. பவளத்திட்டுகளும் மீன்பிடித் தளங்களும் உள்ள கடலில் அவசரம் கூடாது. அதற்கு முன், பழைய காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலைப் பார்க்கலாம். மிக நல்ல காற்றுள்ள நிலத்தில் இன்னமும் 1990களின் 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் குட்டையான கோபுரங்களில் சுழல்கின்றன. இன்றைய ஒரே இயந்திரம் அவற்றில் பத்துக்கு ஈடு. 2024இல் மாநில அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கான கொள்கையை வெளியிட்டது. ஆனால் அடுத்தடுத்த கோபுரங்கள் வெவ்வேறு ஆலைகளுக்குச் சொந்தம். பெரிய இயந்திரத்துக்கு அகன்ற இடைவெளி வேண்டும் என்பதால், பலர் ஒன்றுகூடி நிலத்தையும் பங்கையும் பேசி முடித்தாக வேண்டும். அதற்கு அரசு நடுவராக நின்றால் ஒழிய அந்தக் கொள்கை நிலத்தில் இறங்காது.

தேவையையும் நகர்த்தலாம். மும்முனை மின்சாரம் முறைவைத்து வந்த காலத்தில், நள்ளிரவில் டார்ச் விளக்கோடு வரப்பில் பாம்புக்குப் பயந்து நடந்து மோட்டார் போட்டவர்கள் நம் விவசாயிகள். பயிருக்குத் தண்ணீர் எந்த நேரத்தில் வந்தாலும் ஒன்றுதான். விவசாய இணைப்புகளுக்குத் தனி மின்பாதை அமைத்து, அந்தச் சுமையைச் சூரியன் இருக்கும் பகலுக்கே மாற்றிவிட்டால், மாலையில் காடம்பாறை தாங்க வேண்டிய பாரமும் அந்த அளவு குறையும்.