கிளியின் நாவும் வயிறும்

பிலிமத்தலாவைக்கு அண்மையில் எலதெத்த என்றோர் ஊர் உண்டு. 1660 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனிடம் கைதியான ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1679 இல் தப்பிச் செல்லும்வரை தமது சிறைவாழ்வின் பிற்பகுதியைக் கழித்தது அங்கேதான். 1681 இல் இலண்டனில் வெளியான தமது நூலில் இந்நாட்டுப் பறவைகளைப் பட்டியலிடும் அவர், சிறிய பச்சைக்கிளிகள் உண்டு, ஆனால் பேச்சுக்கு அவ்வளவாக உதவா என்று எழுதிச் செல்கிறார்.

கிளியைக் கண்டதும் மனிதன் கேட்பது இதைத்தான்: பேசுமா? 15ஆம் நூற்றாண்டுக் கோட்டை இராச்சியத்தின் 'கிரா சந்தேசய' கிளியைத் தூது அனுப்பியது. மதுரை மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் கிளி இருக்கிறது. அதன் உணவைப் பற்றி நாம் அறிந்ததோ 'பாலும் பழமும்' என்ற வழக்கு மட்டுமே.

அவ்வழக்கில் பழம் சரி, பால் பிழை. பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பறவைக்கு இல்லை. சோறோ சூரியகாந்தி விதையோ மட்டும் தின்று வளரும் கிளிக்கு விற்றமின் ஏயும் கல்சியமும் குன்றும். விதையின் கொழுப்பு ஈரலில் படியும். மலைநாட்டில் மலிந்து காய்க்கும் ஆனைக்கொய்யா, அதாவது அவகாடோ, கிளிக்கு நஞ்சு. போர்த்துக்கேயர் கொண்டுவந்த மிளகாயையோ அது உறைப்பறியாமல் உண்ணும்; விற்றமின் ஏயும் அதனால் கிட்டும். கீரை, கரட், முளைவிட்ட பயறு, கொய்யா, சிறிது தானியம் என்று கலந்து கொடுப்பதே நன்று. காட்டிலும் அது பலவற்றைத் தேடித்தான் உண்கிறது.

நொக்ஸுக்கு உணவளிக்கும் பொறுப்பை மன்னன் ஊராரிடம் விட்டிருந்தான். அது போதாமல் அவர் தொப்பி பின்னி விற்றும் பிழைத்தார். கூட்டுக் கிளிக்கு அந்த வழியும் இல்லை.