மெய்கண்டார் அறிவும் வியந்தார் இயல்பும்

போளூரினின்று தெற்கு நோக்கிச் செல்வார்க்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளது திருவண்ணாமலை. அத்திருக்கோயிற் கல்வெட்டுக்களுள் ஒன்று மூன்றாம் இராசராச சோழன் காலத்தது; 1232-ஆம் ஆண்டினது. அதன்கண் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டதேவர் என்னும் பெயர் காணப்படுகின்றது. அவர் சிவஞானபோதம் அருளிய ஆசிரியரே என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். இந்நாட்டிலே கல்லிற் பொறிக்கப்பெற்ற பெயருடைய அப்பெரியாரது அறிவை உடனிருந்து உணர்ந்து வியந்தவர் யாவர்? அவ்வியப்பு அவரவர் இயல்புக்கேற்ப எவ்வாறு உருக்கொண்டது? இவை சைவர் ஆராய்தற்குரியன. என்னை? பிறரது பேரறிவைக் கண்டவிடத்துச் சிலர் பணிவர். சிலர் மனம் புழுங்குவர். சிலர் புகழ்ந்துவிட்டு வாளா போவர். இவற்றுள் எது உயிர்க்கு உறுதி பயப்பது என்பதே வினா.

மக்களியல்பைப் பகுத்தறிதல் தமிழர்க்குப் புதிதன்று. சுவிட்சர்லாந்து நாட்டு உளநூலார் யுங் என்பார் 1921-இல் அகநோக்கினர், புறநோக்கினர் என மக்களைப் பகுத்து நூல் செய்தனர். அதற்கு ஏறத்தாழ 700 ஆண்டுகட்கு முன்னரே, சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்து, அன்னமும் ஆவும், மண்ணும் கிளியும், இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் உவமை காட்டிற்று. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் போல்வானும், மேய்ந்ததனை ஓரிடத்திருந்து அசைபோடும் ஆப் போல்வானும் தலைமாணாக்கராம். இவ்விருவகை இயல்பும் மெய்கண்டார் திருமுன்னரே இருவர்பால் விளங்கின.

முதல்வர் அருணந்தி சிவாசாரியார். திருத்துறையூரில் வாழ்ந்த அவர் ஆகமங்கள் அனைத்தையும் கற்றமையாற் சகலாகம பண்டிதர் எனப்பெற்றார். மெய்கண்டார் குடும்பத்துக்கு அவரே குலகுரு. தம்மினும் மிக இளையார் ஒருவர் திருவெண்ணெய்நல்லூரில் மெய்ப்பொருள் உணர்த்துகின்றார் என்பதனையும், தம்மாணாக்கர் அவர்பாற் சென்றனர் என்பதனையும் கேட்ட பண்டிதர் உள்ளத்தே முதற்கண் எழுந்தது வியப்பன்று, செருக்கே. நேரிற் சென்று, ஆணவமலத்தின் இயல்பு யாது என வினவினர். மெய்கண்டார் விரித்துரையாது, வினவியவர் நின்ற நிலையையே சுட்டிக் காட்டினர் என்பது வரலாறு. பண்டிதர் அந்நொடியே அடிவீழ்ந்து அருணந்தி ஆயினர்.

ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வீழ்ந்தது செருக்கேயன்றிப் புலமையன்று. வாதத்தில் வல்ல அவரது இயல்பு பணிந்த பின்னரும் மாறிற்றில்லை. அதன் நோக்கமே மாறிற்று. ஆசிரியரது 12 நூற்பாக்களுக்கு வழிநூலாகச் சிவஞானசித்தியார் செய்து, பரபக்கத்தே 14 புறக்கொள்கைகளை எடுத்தோதி மறுத்து, சுபக்கத்தே 300-க்கு மேற்பட்ட விருத்தங்களால் தம்மதம் நிறுவினர். இருபா இருபதில் ஆசிரியரை முன்னிலைப்படுத்தி ஐயங்களை வினவினர். ஆதலின் அவரது வியப்பு அறிவைத் துறந்த வியப்பாகாது, வினவுதலும் வழிபாடாயிற்று.

மற்றையவர் திருவதிகை மனவாசகங்கடந்தார். அவர் செய்த உண்மைவிளக்கம் 54 வெண்பாக்களே உடையது. அதன்கண் மறுப்பு இல்லை. பிறர் மதம் கடிதலும் இல்லை. மாணாக்கன் தத்துவம் யாது, ஆணவம் யாது, உயிர் யாது, திருக்கூத்து யாது, ஐந்தெழுத்தின் பொருள் யாது என முறையே வினவ, ஆசிரியர் விடை கூறுகின்றார். கேட்டதனை அமைதியாக உள்வாங்கி, எளியார்க்கும் எளிதாகத் தருவதே அவரியல்பு. முன்னவரிடத்து அன்னத்தின் பிரித்தறிதலும், பின்னவரிடத்து ஆவின் அசைபோடுதலும் மிக்குத் தோன்றுகின்றன.

இவ்விருவருள் உயர்ந்தார் யாவர் என வினவுதல் பயனின்று. புறச்சமயத்தார்க்கு விடைகூறப் புகுவார்க்குச் சித்தியார் இன்றியமையாதது. புதிதாகக் கற்கப் புகுவார்க்கு உண்மைவிளக்கம் இன்றியமையாதது. ஓரறிவே இரு நெஞ்சங்களில் இருவேறு பயன் விளைத்தது. இயல்பு வேறுபடினும் இருவர்க்கும் பொதுவாவது ஒன்று: வியந்ததனோடு அமையாது, வியந்த பொருளைப் பிறர்க்கும் ஆக்கினர். புகழுரை மட்டும் கூறி அகலுவோன் கேட்டதனை ஒழுகவிடும் இல்லிக்குடம் போல்வான். குற்றமே பற்றுவோன் சாரம் ஒழிய மண்டியை நிறுத்தும் நெய்யரி போல்வான். புழுங்குவோனோ அடிவீழா முன்னைய பண்டிதர் நிலையிலேயே நின்றுவிடுகின்றான்.

போளூரிலும் அதன் அயலாகிய ஆரணியிலும் பட்டு நெய்வார் அறிவர்: பாவு எத்துணைச் செம்மையாக விரிக்கப்படினும், ஊடை ஓடாவிடின் ஆடை ஆகாது. மெய்கண்டார் 40 அடியில் விரித்த பாவில் மாணாக்கர் இருவரும் தத்தம் இயல்பென்னும் நூலை ஓட்டினர். பன்னூறாண்டு கழிந்தபின், 1785-இற் சிவபதம் எய்திய மாதவச் சிவஞான முனிவர் மாபாடியம் செய்து அந்நெசவைத் தொடர்ந்தனர். பேரறிவு காண்பார் தம் இயல்பை மாற்றிக்கொள்ள வேண்டுவதில்லை. அதனுள் மறைந்து நிற்கும் ஆணவத்தை அறிந்து நீங்கினாற் போதும். அங்ஙனம் நீங்கியவர்தம் வியப்பே தொண்டாக முதிரும்.