கடற்படை சொல்லாத சொல்

பசிபிக் யுத்தத்தின் வரலாறு 1941 டிசம்பர் 7ஆம் திகதி பேர்ல் துறைமுகத்தின்மீது விழுந்த குண்டுகளோடு தொடங்குவதாகக் கற்பிப்பது வழக்கம். வந்த விமானங்களின் தொகையும் மூழ்கிய கப்பல்களின் பெயர்களும் மாணவர்க்கு மனனமாகிவிடுகின்றன. ஆயின், வெற்றியில் நம்பிக்கையற்றிருந்த ஒரு கடற்படை அந்த யுத்தத்திற்கு எவ்வாறு இசைந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. சாமுராய் மரபு, இரத்தத்தில் ஊறிய வீரம் என்று விடை பகர்வோர் உளர். அது விளக்கமன்று, ஓர் இனத்தைப் பற்றிய கட்டுக்கதை. விடையை வரவுசெலவுக் கணக்கிலும் எண்ணெய்க் கணக்கிலுமே தேடவேண்டும்.

1907ஆம் ஆண்டில் யப்பானிய அரசு தனது பாதுகாப்புக் கொள்கையை வகுத்தது. தரைப்படை ருஷ்யாவைத் தன் எதிரியாகக் கொண்டது. கடற்படை ஐக்கிய அமெரிக்காவைக் கொண்டது. அக்காலத்தில் அமெரிக்காவோடு யுத்தம் செய்வதற்கான பெரும் பிணக்கு ஏதும் இருக்கவில்லை. ஆனால் கப்பல் வேண்டுமென்றால் பணம் வேண்டும். பணம் வேண்டுமென்றால் எதிரி ஒருவன் வேண்டும். 1921ஆம் ஆண்டளவில் நாட்டின் செலவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைக் கடற்படை விழுங்கிற்று. 1922இல் வாஷிங்டன் உடன்படிக்கை பெருங்கப்பல்களை அமெரிக்கா, பிரித்தானியா, யப்பான் ஆகியவற்றிற்கு 5:5:3 என்ற விகிதத்தில் வரையறுத்தது. 1930இல் லண்டன் உடன்படிக்கையை ஏற்ற பிரதம மந்திரி ஹமகுச்சி டோக்கியோ ரயில் நிலையத்தில் சுடப்பட்டு, மறு ஆண்டில் இறந்தார். 1932 மே மாதத்தில் பிரதம மந்திரி இனுக்காயைக் கொன்ற கூட்டத்தின் முன்னணியில் நின்றவர்கள் கடற்படையின் இளம் அதிகாரிகளே. 1936இல் யப்பான் கடற்படை மாநாட்டை விட்டு வெளியேறிற்று.

இக்கடற்படை யாருடையது? இதற்கு விடை கூறியவர் ஓர் எழுத்தாளர். கோபயாஷி தக்கிஜி 1929இல் வெளியிட்ட 'கனிகோசென்' என்னும் நாவலில், கம்சாத்காக் கடலில் நண்டு பதனிடும் கப்பலொன்றின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்கின்றனர். யப்பானிய நாசகாரிக் கப்பலொன்று வருகிறது. தம் நாட்டுக் கடற்படை தமக்குத் துணைநிற்கும் என்று தொழிலாளர் நம்புகின்றனர். வந்த படையினரோ வேலைநிறுத்தத் தலைவர்களைப் பிடித்துச் செல்கின்றனர். 1933 பெப்ரவரியில் கோபயாஷி பொலிசாரின் காவலில் சித்திரவதை செய்யப்பட்டு மாண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. 1940இல் அரசியற் கட்சிகளும் கலைக்கப்பட்டன. எனவே 1941இல் 'யுத்தம் வேண்டாம்' என்று வெளிப்படையாகச் சொல்லக்கூடியவர்கள் சிறையில் இருந்தனர், அன்றேல் மண்ணுக்குள் இருந்தனர். ஆட்சியின் உள்ளே இருந்தவர்கள் மட்டுமே எஞ்சினர்.

அவர்கள் அறியாதவர்களல்லர். 1941 யூலையில் யப்பானியப் படைகள் இந்தோசீனத்தின் தென்பகுதியில் இறங்கின. அமெரிக்கா யப்பானின் சொத்துக்களை முடக்கி, எண்ணெயையும் நிறுத்தியது. யப்பான் எரித்த எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. யாரோடு யுத்தம் செய்ய வேண்டுமென்று முப்பத்துநான்கு ஆண்டுகள் திட்டமிட்டார்களோ, அவர்களிடமே எரிபொருள் வாங்கியவர்கள் இவர்கள்! அம்மாத இறுதியில் கடற்படைத் தலைமை அதிகாரி நகானோ ஒசாமி பேரரசரைக் கண்டார். இருப்பிலுள்ள எண்ணெய் இரண்டாண்டுகளுக்கும், யுத்தம் மூண்டால் ஒன்றரை ஆண்டுக்குமே போதும் என்றார். சுஷிமாவிற் போன்ற பெருவெற்றி கிட்டுமோ என்று பேரரசர் வினவ, வெற்றி பெறுவதே நிச்சயமில்லை என்று விடையிறுத்தார். அவ்வாறு விடையிறுத்தவரே, ஆகவே காலந்தாழ்த்தலாகாது என்றும் வற்புறுத்தினார். செப்டெம்பர் 5ஆம் திகதி அவர் காட்டிய உவமை நோயாளியைப் பற்றியது: அறுவைச் சிகிச்சை ஆபத்தானதுதான், ஆனால் செய்யாவிடின் நோயாளி தேய்ந்து இறப்பான் என்பது. அந்த நோய்க்குச் சீனாவிலிருந்து படைகளை மீட்பது என்ற மருந்தும் இருந்தது. அதை உவமையில் அவர் சேர்க்கவில்லை. அதே சந்திப்பில், தென்பகுதிப் போரை மூன்று மாதங்களில் முடிப்போம் என்றார் தரைப்படைத் தலைமை அதிகாரி சுகியாமா. 1937இல் சீன விவகாரம் ஒரு மாதத்தில் முடியும் என்று சொன்னவரும் இவரே. பேரரசர் அதை நினைவூட்டியபோது, சீனாவின் உள்நாடு பரந்தது என்றார். பசிபிக் அதனினும் பரந்ததன்றோ என்று பேரரசர் கேட்டதாகப் பிரதம மந்திரி கொனோயே எழுதிவைத்துள்ளார். ஆனால் கேட்டவரும் தடுக்கவில்லை.

அதற்கு முன், ஓகஸ்ட் மாதத்தில், அரசின் முழுயுத்த ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த இளம் அதிகாரிகள் ஒரு பாவனை மந்திரிசபை அமைத்து யுத்தத்தை ஆண்டுவாரியாகக் கணக்கிட்டுப் பார்த்தனர். கப்பல்கள் மூழ்கும், யுத்தம் நீளும், யப்பான் தோற்கும் என்பதே அவர்கள் கண்ட முடிவு. கொனோயேயும் யுத்த மந்திரி தோஜோவும் இருந்து கேட்டனர். யுத்தம் என்பது மேசைமேல் வரைந்த திட்டப்படி நடப்பதன்று என்று கூறித் தோஜோ அதை ஒதுக்கினார்.

ஒக்டோபர் 12ஆம் திகதி கொனோயேயின் ஓகிகுபோ இல்லத்தில் மந்திரிகள் கூடினர். யுத்தமா, பேச்சுவார்த்தையா என்பது அன்று தீர்மானமாக வேண்டும். கடற்படை மந்திரி ஒய்காவா கொஷிரோ, தீர்மானத்தைப் பிரதம மந்திரியிடமே விடுவதாகக் கூறினார். கடற்படை யுத்தத்தை விரும்பவில்லை, ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்ல இயலாது என்ற செய்தி மட்டும் மறைவாகப் பிரதம மந்திரியின் செயலாளருக்கு எட்டியிருந்தது. தரைப்படையின் முத்தோ அக்கிரா இதற்கு அனுப்பிய மறுமொழி கவனிக்கத்தக்கது: தன்னால் முடியாதென்று கடற்படை வாய்திறந்து கூறுமாயின், தரைப்படைக்குள் எதிர்ப்பை அடக்கிவிடலாம். ஆக, ஒரு சொல் போதுமாயிருந்தது, அச்சொல் வரவில்லை. ஒக்டோபர் 16ஆம் திகதி கொனோயே பதவி விலகினார். தோஜோ பிரதம மந்திரியானார். பேச்சுவார்த்தை பெயரளவில் நவம்பர் முழுதும் வாஷிங்டனில் நடந்தது.

வெல்லற்கரிய யுத்தத்திற்குக் கணக்கும் தயாரிக்கப்பட்டது. நவம்பர் 5ஆம் திகதிய பேரரசவை மாநாட்டில் முன்வைத்த மதிப்பீட்டின்படி முதலாண்டில் எட்டு முதல் பத்து இலட்சம் தொன் வரை வணிகக் கப்பல்கள் அழியும். பின்னர் அழிவு குறையும். உண்மையில் 1943இல் ஏறத்தாழ பதினெட்டு இலட்சம் தொன்னும், 1944இல் முப்பத்தைந்து இலட்சம் தொன்னுக்கு மேலும் மூழ்கின. எண்ணெய்க்காகவே இந்தோனேசியாவைப் பிடித்தனர். அந்த எண்ணெயை ஏற்றிவரும் கப்பல்களைக் காக்க ஒரு தனித் தலைமையகம் 1943 நவம்பரிலேதான் அமைந்தது. பெரும்போர் ஒன்றில் அமெரிக்காவை வெல்வதற்கென்று பழகிய கடற்படைக்கு அரிசிக் கப்பலுக்குக் காவல் செல்வது இழிதொழிலாகத் தோன்றியது போலும். தரைப்படையோ அதை நம்பாது, தனக்கெனச் சொந்தமாக நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டிக்கொண்டது.

மௌனம் ஒரு பழக்கமாகவே ஆயிற்று. 1942 ஏப்பிரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுள் மூன்று, இரண்டு மாதங்களுக்குள் மிட்வேயில் மூழ்கின. மற்றொன்றும் உடன் சேர்ந்து நான்காயின. மூழ்கியது ஒன்றே என்று தலைமையகம் மக்களுக்கு அறிவித்தது. காயமுற்று மீண்ட மாலுமிகளை மருத்துவமனைகளில் தனிமைப்படுத்தி வைத்தனர்.

கப்பற் பஞ்சத்தின் விலையைக் கொடுத்தவர்களுள் நம்மவரும் உளர். மலாக்கா நீரிணை வழியே பர்மாவுக்குப் படைப்பொருள் அனுப்புவது நேசநாட்டு நீர்மூழ்கிகளால் ஆபத்தாகவே, சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீற்றர் நீள ரயில் பாதை அமைக்கத் துணிந்தனர். யுத்தக் கைதிகளுள் பன்னீராயிரவருக்கு மேல் அங்கு இறந்தனர். மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து சம்பளமும் சோறும் தருவதாக அழைத்துச் செல்லப்பட்டும், பின்னர் வலிந்து பிடித்துச் செல்லப்பட்டும் சென்ற தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கொலராவிலும் பட்டினியிலும் மடிந்தனர். தமிழர் அதற்கிட்ட பெயர் சயாம் மரண ரயில். 'ஆசியா ஆசியருக்கே' என்று முழங்கியவர்கள், 1943 மே மாதத்தில் மலாயாவையும் இந்தோனேசியாவையும் தம் பேரரசின் சொந்த மண்ணாக்குவதென இரகசியமாகத் தீர்மானித்திருந்தனர்.

பாதை முடிந்த அதே ஒக்டோபரில், 21ஆம் திகதி, டோக்கியோவின் மெய்ஜி விளையாட்டரங்கில் கொட்டும் மழையில் பல்கலைக்கழக மாணவர்கள் துப்பாக்கியேந்தி அணிவகுத்தனர். இலக்கியம், சட்டம் முதலிய கலைத்துறைகளில் பயின்றோருக்கு இருந்த விலக்கு நீக்கப்பட்டுவிட்டது. அவர்களின் தம்பி தங்கையர் 1945இல் மலைகளில் பைன்மர வேர் தோண்டினர்; வேரை வடித்து விமானத்திற்கு எண்ணெய் எடுக்கலாம் என்று சொல்லியிருந்தனர். அவ்வெண்ணெயில் பறந்த விமானம் இல்லையென்றே கூறலாம்.

யுத்தம் முடிந்தபின், 1946இன் தொடக்கத்தில், முன்னாள் கடற்படைத் தலைவர்கள் கூடிப் பேசினர். முடியாதென்று ஏன் தெளிவாகச் சொல்லவில்லை என்று இனோவே ஷிகேயோஷி ஒய்காவாவைக் கேட்டார். பொறுப்பு முழுவதும் தன்னுடையதே என்று ஒய்காவா ஏற்றுக்கொண்டார். அவர் கூறிய காரணங்களுள் ஒன்று பழைய சம்பவமொன்று: அமெரிக்காவோடு போரிட இயலாது என்று கடற்படைத் தலைமை அதிகாரி ஒருவர் முன்னொருமுறை சொன்னபோது, முதியவரான தோகோ சினந்து, ஆண்டுதோறும் பேரரசரிடம் போர்த் திட்டத்தைச் சமர்ப்பித்துவிட்டு இப்போது முடியாதென்றால் அத்தனை காலமும் பொய்யா சொன்னீர் என்று கேட்டாராம். டோக்கியோ விசாரணையில் தூக்கிலிடப்பட்ட எழுவரில் அறுவர் தரைப்படையினர்; ஒருவர் இராசதந்திரி. ஒய்காவா குற்றஞ்சாட்டப்படவில்லை. அவர் 1958இல் காலமானார்.